விஸ்பரும் மர்மரும் ஒரே ஏணியின் படிகளா? ஒலிக்கும் பேச்சுக்குமான ஆங்கிலச் சொற்கள்

ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

சவுண்ட், நாய்ஸ், வாய்ஸ் மூன்றுக்கும் அகராதியில் ஒலி, ஓசை, சத்தம் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பேச்சுக்கு வந்தால் விஸ்பர், மர்மர், மட்டர், மம்பிள், ஷவுட், யெல், ஸ்க்ரீம் என்று பெரிய கூட்டம். இவை எல்லாம் ஒரே ஏணியின் படிகள் என்பது என் கணிப்பு. அடியில் விஸ்பர், உச்சியில் ஸ்க்ரீம். சத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் எந்தச் சொல் என்பதும் தெரிந்துவிடும். சரிதானே?

ஜனவரி 6, இரவு

சரியில்லை. அந்த ஏணியில் முதல் படியிலேயே கால் வழுக்கும்.

நான் காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறேன். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. வசனத்தை எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி, அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்லில் சத்தத்தைச் சொல்வது. கதவு எப்படிச் சாத்தியது, அவன் எப்படி முனகினான், கூட்டம் எப்படி இரைந்தது, எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்தாக வேண்டும். பார்க்கிறவருக்கு அதைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது. நான் தவறான சொல்லைப் போட்டால் அந்தப் பாத்திரமே அவருக்கு வேறு ஆளாகிவிடும்.

இப்போது கையில் இருக்கும் படத்தில் நாலு விநாடிக் காட்சி ஒன்று. படுக்கையில் கிடக்கும் கிழவி உதட்டை அசைக்கிறாள், மகன் குனிந்து நிற்கிறான். ‘மட்டர்ஸ்’ என்று எழுதி அழித்தேன். ‘விஸ்பர்ஸ்’ என்று எழுதி அதையும் அழித்தேன். உங்கள் ஏணிப்படி பார்த்தால் எதை வைத்தாலும் ஒன்றுதான், இரண்டுமே தாழ்ந்த சத்தம். ஆனால் முதல் சொல்லில் அவள் சலித்துக்கொள்கிறாள், இரண்டாவதில் ரகசியம் சொல்கிறாள். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

நாளை நாய்ஸிலிருந்து தொடங்குகிறேன். அது எளிது.

ஜனவரி 7

சவுண்ட் என்பது காதுக்கு எட்டும் எதுவும். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை. நாய்ஸ் என்றால் வேண்டாத சத்தம். வாய்ஸ் தொண்டையிலிருந்து வருவது. அவ்வளவுதான்.

ஜனவரி 9

முந்தாநாள் எழுதியதில் நாய்ஸ் பற்றிய வரியைத் திருத்த வேண்டும். ‘வேண்டாத’ என்று மட்டும் சொன்னது போதாது.

வண்டியின் முன்பக்கத்தில் ஏதோ கேட்கிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச் நாய்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சத்தம் பிடிக்காததால் அப்படிச் சொல்வதில்லை. அது என்னவென்று தெரியாததால் சொல்கிறார்கள். தொட்டில் குழந்தை வாயால் ஏதோ செய்தால், ‘ஷி மேட் அ லிட்டில் நாய்ஸ்’. அதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? கேட்பவரால் இன்னும் பொருள் பிரிக்க முடியாத சத்தம், அல்லது பொருள் பிரிக்க விரும்பாத சத்தம், இதுதான் நாய்ஸ். தீர்ப்பு சத்தத்தின் மேல் விழுவதில்லை, கேட்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது அது.

தகவல் தொடர்பில் இந்தச் சொல் காதையே விட்டு வெளியேறிவிட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அனுப்பிய செய்தியில் வழியில் கலந்துவிடும் எதுவும் நாய்ஸ்தான். இருட்டில் எடுத்த புகைப்படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் நாய்ஸ். தமிழில் அதையும் ‘இரைச்சல்’ என்கிறோம். படத்தில் இரைச்சல் என்றால் முதல் முறை கேட்பவர் விழிப்பார், ஆனால் பழகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற இடத்தில், பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வைத்து ஆர்னோ பென்சியஸ், ராபர்ட் வில்சன் என்று இரண்டு பேர் வேலை செய்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மெல்லிய இரைச்சல் போகாமல் நின்றது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தினார்கள், எச்சத்தைத் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் அது பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்று தெரியவந்தது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு. காலையில் நாய்ஸாக இருந்தது மாலையில் சிக்னல் ஆகிவிட்டது. ஆன்டெனாவுக்குள் வந்த அலை ஒரு துளிகூட மாறவில்லை.

ஜனவரி 9, சற்றுப் பிறகு

‘சவுண்ட் ஸ்லீப்’, ‘சவுண்ட் மைண்ட்’ என்பதில் வரும் சவுண்டுக்கும் ஒலிக்கும் என்ன உறவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு உறவும் இல்லை. ஒரே எழுத்துக்கூட்டில் நாலு சொற்கள் வந்து நிற்கின்றன. ஒலி என்ற சவுண்ட் லத்தீன் ‘சோனுஸ்’ வழியாக வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘சூன்’தான், கடைசி ‘ட்’ பிறகு ஒட்டிக்கொண்டது. நலமாக இருப்பது என்ற சவுண்ட் பழைய ஆங்கிலச் சொல், ஜெர்மனில் இன்னும் ‘கெசுண்ட்’ என்று உயிரோடு இருக்கிறது. கடல் நீரிணை என்ற சவுண்ட் வட ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. ஆழம் பார்ப்பது என்ற சவுண்ட் பிரெஞ்சிலிருந்து வந்தது. கப்பலில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள், அதில் ஒலிக்கு வேலையே இல்லை. பிற்காலத்தில் ஒலி அலையை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி வந்து இரண்டையும் சேர்த்து வைத்தது. அது தற்செயல்.

ஜனவரி 12

சே, டெல், ஸ்பீக், டாக். இவை நான்கையும் தமிழர்கள் குழப்பிக்கொள்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் நமக்கு ‘சொல்’, அடுத்த இரண்டுக்கும் ‘பேசு’.

பள்ளியில் ‘ஹி செட் மி’ என்று எழுதி அடி வாங்காதவர் குறைவு. சே என்பது வாயிலிருந்து வந்த சொற்களைப் பார்க்கிறது. டெல் அந்தச் சொற்கள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று பார்க்கிறது. அதனால்தான் டெல்லுக்கு உடனே ஓர் ஆள் வேண்டும், சேக்கு ஆள் இல்லாவிட்டாலும் ஓடும். பொய், உண்மை, கதை, நேரம் போன்ற சிலவற்றுக்கு ஆள் இல்லாமலே டெல் வரும்.

டெல் ஏன் இப்படி? அதன் பழைய பொருள் எண்ணுவது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ஆங்கிலத்தில் இன்னும் ‘டெல்லர்’ என்கிறார்கள். ஜெர்மனில் ‘ட்சேலன்’ என்றால் எண்ணு, ‘எர்ட்சேலன்’ என்றால் கதை சொல். நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணி எதிராளி கையில் கொடுப்பதுதான் டெல். தமிழில் ‘எண்ணு’ இன்னொரு பக்கம் திரும்பிவிட்டது, நினைப்பது என்ற பொருளுக்கு. அவர்கள் எண்ணி வெளியே கொடுத்தார்கள், நாம் எண்ணி உள்ளே வைத்துக்கொண்டோம். ‘கூறு’ என்பதையும் பாருங்கள், சொல்வதும் அதுதான், பகுதி என்பதும் அதுதான்.

ஸ்பீக், டாக் இரண்டில் ஸ்பீக் ஒருவழி, டாக் இருவழி என்று பாடப்புத்தகம் சொல்லும். பெரும்பாலும் சரி. மொழியைச் சொல்லும்போது மட்டும் எப்போதும் ஸ்பீக்தான். சண்டை போட்டுக்கொண்ட இருவரைப் பற்றி ‘தே ஆர் நாட் ஸ்பீக்கிங்’ என்பார்கள். நாம் ‘அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை’ என்போம். இரண்டிலும் குறை சத்தத்தில் இல்லை.

ஜனவரி 13

கடிகாரம் ‘சே’ பண்ணும், ‘டெல்’ பண்ணாதா என்று கேட்டவருக்கு: ‘த க்ளாக் செய்ஸ் டென்’ சரி. கடிகாரம் டெல்லும் பண்ணும்: ‘டெல்ஸ் த டைம்’. நேரம் என்பதால் ஆள் இல்லாமலே வருகிறது. நேற்றைய விதிதான். தமிழில் கடிகாரம் பேசுவதே இல்லை, மணியைக் காட்டும். பலகையும் அப்படித்தான், ‘பலகையில் போட்டிருக்கு’ என்போமே தவிரப் பலகை சொல்கிறது என்பது நம் வாயில் இயல்பாக வராது.

ஜனவரி 17

இனி விஸ்பர் குடும்பம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு உங்கள் பெயரைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். விரலில் அதிர்வு தெரியும், குரல் நாண்கள் அதிர்கின்றன. இப்போது அதே பெயரை விஸ்பர் பண்ணுங்கள். அதிர்வு அறவே நின்றுவிடும். வெறும் மூச்சு, நாக்கு, உதடு. எவ்வளவு பலமாகச் செய்தாலும் அதிர்வு வராது. நாடக மேடையில் ‘ஸ்டேஜ் விஸ்பர்’ என்று ஒன்று உண்டு. கடைசி வரிசைக்கும் கேட்கும், ஆனாலும் அது விஸ்பர்தான். ஏணியின் முதல் படி இங்கேதான் உடைகிறது.

மர்மரில் குரல் இருக்கிறது. தாழ்ந்து, தொடர்ந்து, ஓடை மாதிரி. சொல் தெளிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கூட்டம் ஆமோதித்து மர்மர் பண்ணும், காதலர்கள் மர்மர் பண்ணுவார்கள், தண்ணீரும் பண்ணும்.

மட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. பெரும்பாலும் எரிச்சல் கலந்திருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்ற அளவு, ஆனால் அவரிடம் நேராகச் சொல்வதாக ஒப்புக்கொள்ளமாட்டார்.

மம்பிள் எரிச்சலுமில்லை ரகசியமுமில்லை, வாய் சரியாகத் திறக்கவில்லை, அவ்வளவே. கூச்சமாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம், வாயில் சாப்பாடு இருக்கலாம். முன்பு ஆங்கிலத்தில் பல் இல்லாதவர் வாய்க்குள் போட்டு மெல்ல முடியாமல் மெல்வதற்கும் இதே சொல். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘மென்று முழுங்கிப் பேசுகிறான்’ என்று நாமும் சொல்கிறோமே! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வாயைப் பார்த்து ஒரே உவமைக்கு வந்திருக்கின்றன.

ஜனவரி 18

‘முணுமுணு’ இவற்றில் எது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மட்டருக்குத்தான் அதிகம் பொருந்தும், அதில் அதிருப்தி இருக்கிறது. பாட்டை முணுமுணுப்பது மட்டும் விலக்கு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹம்’. ‘கிசுகிசு’ விஸ்பர்தான், ஆனால் இப்போது அது வதந்திப் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டது. ‘முனகு’ என்ற சொல்லை வைத்து எனக்கு நடந்ததைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 21

முனகு. வலியில் கிடக்கும் ஒருவர் முனகுகிறார். பணியில் சேர்ந்த முதல் வருடம் ‘மோன்ஸ்’ என்று எழுதினேன். கோப்பு திரும்பி வந்தது, ‘க்ரோன்ஸ்’ என்று திருத்தி. காரணம் எழுதவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது, இரண்டும் ஒன்றுதானே என்று.

ஒன்றல்ல. க்ரோன் தாழ்ந்து, கனத்து, சட்டென்று வெளியே தள்ளப்படுவது. பாரம் தூக்குபவர், இடுப்பு பிடித்துக்கொண்டவர், மோசமான நகைச்சுவை கேட்டவர் எல்லோரும் க்ரோன் பண்ணலாம். மோன் நீளமாக இழுபடுவது. வலியிலும் வரும், துக்கத்திலும் வரும், இன்பத்திலும் வரும். இருட்டான காட்சியில் அடைப்புக்குறிக்குள் தனியாக ‘மோன்ஸ்’ என்று வந்தால், கேட்க முடியாதவர் மனம் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காட்சியில் இருந்தவர் கால் முறிந்த விவசாயி. திருத்தியவர் செய்தது சரி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஜனவரி 22

‘க்ரை’ பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சின்ன வயதில் பழைய ஆங்கில நாவல்களின் சுருக்கப் பதிப்புகளை வாசிக்கும்போது எனக்குத் தீராத குழப்பம் ஒன்று இருந்தது. அதில் வரும் எல்லோரும் ஓயாமல் அழுதார்கள். ‘வாட் அ லவ்லி டே! ஷி க்ரைட்.’ நல்ல நாள் என்று சொல்லிவிட்டு ஏன் அழுகிறாள்? இந்த ஊரார் ரொம்ப இளகிய மனசுக்காரர்கள் என்று முடிவு செய்து, அவர்கள் மேல் எனக்கு அன்புகூட வந்துவிட்டது. உரக்கச் சொல்வதுதான் க்ரையின் பழைய பொருள், கண்ணீர் பிறகு சேர்ந்தது என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. இன்றைக்கு சப்டைட்டிலில் ‘க்ரைஸ்’ என்றால் கண்ணீர், ‘க்ரைஸ் அவுட்’ என்றால் கூவல். ஓர் ‘அவுட்’ விட்டுப்போனால் காட்சியே மாறிப்போகும்.

ஜனவரி 22, இரவு

அலவுட், லவுட்லி. ‘ரீட் அலவுட்’ என்று ஆசிரியர் சொன்னால் வகுப்பே கத்திப் படித்தது. அலவுட் என்றால் மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படி என்று மட்டுமே பொருள். மெல்லக்கூட அலவுடாகப் படிக்கலாம். ‘வாய்விட்டு’ என்ற தமிழ்ச் சொல் அப்படியே பொருந்துகிறது.

ஜனவரி 26

மர்மர் பற்றி 17ஆம் தேதி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல். மருத்துவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு ‘தேர் இஸ் அ மர்மர்’ என்றார். நான் சொற்களோடு வாழ்கிறவன், எனக்கு உடனே ஓடையும் காதலர்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்ததும் வயிற்றில் கல் விழுந்தது போல இருந்தது.

மருத்துவத்தில் ‘ஹார்ட் சவுண்ட்’ வேறு, ‘ஹார்ட் மர்மர்’ வேறு. லப் டப் என்று கேட்கும் இரண்டும் சவுண்ட், வால்வுகள் மூடும் சத்தம். இந்த இரண்டுக்கும் நடுவே ரத்தம் சுழித்து ஓடுவதால் ‘உஸ்’ என்று இழுபடுவது மர்மர். அங்கே சவுண்ட் என்றால் இருக்க வேண்டியது, மர்மர் என்றால் கூடுதலாக வந்தது. ஆனால் கூடுதலாக வந்ததெல்லாம் நோயில்லை. குழந்தைகளுக்குப் பல நேரம் எந்தக் கோளாறும் இல்லாமலே இது கேட்கும், அதை ‘இன்னொசண்ட் மர்மர்’ என்கிறார்கள், களங்கமில்லாத முணுமுணுப்பு. என் மகளுக்கு இருந்தது அதுதான். ஸ்கேன் எடுத்து அதைச் சொல்லும்வரை இரண்டு நாள் நாங்கள் தூங்கவில்லை. மருத்துவச் சொற்களிலேயே நான் அதிகம் நேசிப்பது அந்த ‘இன்னொசண்ட்’டைத்தான்.

அப்புறம் இதையே தோண்டிப் படித்தேன். ஸ்டெதாஸ்கோப்பை 1816இல் பாரிஸில் உண்டாக்கியவர் ரெனே லெனெக். முதலில் அது வெறும் சுருட்டிய காகிதம். நுரையீரலில் கேட்ட மிகை ஒலிகளுக்கு அவர் ‘ரால்’ என்று பெயர் வைத்தார். ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சாகும் தறுவாயில் தொண்டையில் கேட்கும் கரகரப்பு என்றும் பொருள். நோயாளி எதிரிலேயே அதைச் சொன்னால் பயந்துவிடுவார்களே என்று, படுக்கை அருகே பேசும்போது ‘ராங்கஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கேட்கிறவர் யார் என்று பார்த்துச் சொல்லை மாற்றிய அந்த மனிதரை எண்ணினால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

ஜனவரி 27

கழுத்து ரத்தக்குழாய் குறுகியிருந்தால் கேட்கும் ஒலிக்கு மருத்துவர்கள் ‘ப்ரூயி’ என்கிறார்கள். அது நாய்ஸுக்கான பிரெஞ்சுச் சொல், அவ்வளவுதான். கடல் தாண்டியதும் நோயின் அறிகுறி ஆகிவிட்டது.

பிப்ரவரி 2

மணிகளும் உலோகங்களும். க்ளிங்க், க்ளாங்க், க்ளாங். க்ளிங்க் கண்ணாடிக் குவளை அல்லது சில்லறை. க்ளாங்க் கனத்த சங்கிலி, மோதியதும் சத்தம் செத்துவிடும். க்ளாங் மோதியபின் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். வாயில் சொல்லிப் பாருங்கள்: கடைசியில் ‘க்’ வந்தால் ஒலி வெட்டுப்படுகிறது, ‘ங்’ என்று முடிந்தால் நீள்கிறது. பொருள் நாக்கிலேயே இருக்கிறது.

‘இ’ சிறியது, ‘ஆ’ பெரியது என்பதும் அப்படித்தான். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1929இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மில், மால் என்று பொருளில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்து, இரண்டும் மேசை என்றால் எது பெரிய மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் மால் என்றார்கள். தமிழிலும் சின்ன மணி கிணுகிணு, பெரிய மணி கணகண. ‘டிக் டாக்’கைத் திருப்பி ‘டாக் டிக்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.

ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்கு ஒரு க்ளிங்க் போதும், அதையே வினையாகவும் வைத்துக்கொள்வார்கள். நமக்குச் சலசல, நறநற, படபட என்று இரட்டையாகத்தான் வரும். பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆகவே ஒரே ஒரு தடவை கேட்கும் சத்தத்தைத் தமிழில் எழுத எனக்குக் கஷ்டம். ‘என்று’ சேர்த்துச் சமாளிக்கிறேன்: ‘டங்கென்று’, ‘பட்டென்று’.

மணிக்கு ‘ரிங்’ பொது. ‘டோல்’ என்றால் இடைவெளி விட்டு விட்டு மெதுவாக அடிப்பது, சாவுக்கு அடிப்பது. திருமணக் காட்சியில் டோல் வந்தால் அது பிழை.

பிப்ரவரி 5

‘ரூமர்’ பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அதன் லத்தீன் மூலத்துக்கு ஆரவாரம் என்ற பொருளும் உண்டு. சத்தம்தான் வதந்தியாக மாறியிருக்கிறது. நம் ‘கௌவை’யும் அதே மாதிரி, ஆரவாரமும் அதுதான், ஊர்ப்பழியும் அதுதான். திருக்குறளில் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது.

அகப்பொருள் மரபு இதில் இன்னும் நுட்பமாகப் போகிறது. காதலர்களைப் பற்றி ஊர் பேசுவதில் இரண்டு நிலை: அம்பல், அலர். அம்பல் மொட்டு. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து லேசாக வாயைக் குவிக்கிறாள், சொல் இன்னும் முழுதாக வெளிவரவில்லை. அலர் விரிந்த பூ. இன்னாருக்கும் இன்னாருக்கும் இது என்று ஊர் வெளிப்படையாகப் பேசுகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அம்பலைப் பிடிக்க நான் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன். அங்கே எத்தனை சொல் என்று வியக்கும் நாம், நம்மிடம் மொட்டுக்கும் பூவுக்கும் தனித்தனிச் சொல் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

பிப்ரவரி 6

‘ஹியர்’, ‘லிசன்’ வேறுபாட்டை எல்லோரும் அறிவீர்கள்: முதலாவது தானாகக் காதில் விழுவது, மற்றது காது கொடுப்பது. தமிழில் ‘கேள்’ இரண்டையும் தாங்குகிறது, கூடவே வினவுவதையும் கீழ்ப்படிவதையும். ‘சொன்ன பேச்சைக் கேட்கிறான்’ என்றால் காதில் விழுகிறது என்று பொருளா? ஆங்கில ‘ஒபே’யைப் பிரித்தால் உள்ளே லத்தீன் ‘கேள்’தான் இருக்கிறது. கணக்கைத் தணிக்கை செய்யும் ‘ஆடிட்’டும் அந்த வேரில் வந்தது, கணக்கை ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்டுச் சரிபார்த்த காலத்தின் மிச்சம்.

பிப்ரவரி 11

ஒரு கடிதம் வந்தது. எழுதியவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழிதான் அவருக்குத் தாய்மொழி. 17ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, விஸ்பருக்கு நான் சொன்ன இலக்கணம் போதாது என்கிறார். அவர் சொல்வது சரி, நான் சொன்னது குறை.

சைகை மொழியிலும் விஸ்பர் உண்டு. கையை மார்புக்குக் கீழே இறக்கி, சைகையைச் சிறிதாக்கி, உடம்பால் மறைத்துக்கொண்டு செய்வார்கள். அறையின் மறுகோடியில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. கத்துவதும் உண்டு, சைகை பெரிதாகும், விசைகூடும். அங்கே குரல் நாணுக்கு வேலை இல்லை, மூச்சுக்கும் வேலை இல்லை. ஆனாலும் விஸ்பர் விஸ்பர்தான்.

அப்படியென்றால் விஸ்பரின் உயிர் எதில் இருக்கிறது? ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும், மற்றவருக்குச் சேரக் கூடாது. அந்த இரண்டும் இருந்தால் அது விஸ்பர். தொண்டை அதிர்வை நிறுத்துவது, உடம்பு அதைச் செய்துகொள்ளும் ஒரு வழி மட்டும். பதினொரு வருடம் இவர்களுக்காகவே எழுதிவிட்டு இதை அவர்களில் ஒருவரிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறேன். அவருக்கு என் நன்றி.

இன்னொன்றும் சொன்னார். ‘டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பேசாதவர் என்பதோடு முட்டாள் என்ற பொருளும் சேர்ந்தது அவர்களுக்கு எவ்வளவு காயம் என்று. பழைய படங்களில் அது வசனமாக வரும்போது நான் மாற்ற முடியாது. ஆனால் என் அடைப்புக்குறிக்குள் அது வராது. ‘சைலண்ட்’ போதும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம்.

பிப்ரவரி 12

‘ஸ்பீச்’சுக்கும் சத்தம் தேவையில்லை என்று நேற்றைய கடிதம் யோசிக்க வைத்தது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், 1791, ‘ஸ்பீச்’ சுதந்திரத்தைக் காக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்துப் பள்ளி மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டியதையும் 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்புக்குள் சேர்த்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் ஸ்பீச். இந்திய அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு ‘ஸ்பீச் அண்ட் எக்ஸ்பிரஷன்’ என்று இரண்டையும் எழுதியே வைத்திருக்கிறது. தமிழில் பேச்சுரிமை, கருத்துரிமை என்று பிரிப்பதால் நமக்கு இந்தச் சிக்கல் குறைவு.

பிப்ரவரி 15

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். ஷவுட், யெல், ஸ்க்ரீம் மட்டுமாவது ஏணிதானே என்று கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. ஷவுட்டில் பெரும்பாலும் சொல் இருக்கும், தூரத்தில் ஒருவர் இருப்பார். யெல்லில் கட்டுப்பாடு அவிழ்ந்திருக்கும், பெரும்பாலும் கோபம். ஸ்க்ரீமில் சொல்லே வேண்டாம், உயர்ந்த குரல், பயமோ வலியோ ஆனந்தமோ. தமிழில் கூவு, கத்து, அலறு. சத்தத்தை அளந்து பார்த்தால் மூன்றும் ஒரே அளவில் நிற்கலாம். யாரைப் பார்த்து, எதனால், என்று கேட்டால்தான் பிரியும்.

இந்தக் கண்ணோட்டம் நமக்குப் புதிதும் இல்லை. ‘புலம்பு’ என்பதற்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். வாயைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்க ஆளில்லாமல் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு இன்று நம்மிடம் இருக்கும் சொல் அதுதான். மட்டரை மொழிபெயர்க்க நான் திண்டாடிய இடங்களில் பாதிக்கு இது போதும் என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 19

அந்தக் கிழவியின் காட்சி. இன்று ஹெட்போன் போட்டு முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தொண்டையில் அதிர்வு இருக்கிறது, ஆகவே பழைய இலக்கணப்படி விஸ்பர் இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை, மறைக்க ஆளில்லை, ஆகவே புதிய இலக்கணப்படியும் இல்லை. எரிச்சல் துளியும் இல்லை, மட்டர் போயிற்று. மர்மர் என்று எழுதினேன்.

பிப்ரவரி 20

அழித்துவிட்டேன். காலையில் அமைதியான நேரத்தில் மறுபடி கேட்டபோது, இரண்டாவது விநாடியில் அவள் சொல்வது தெளிவாக விழுந்தது. மகனைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர். படத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை வருகிறது, அதனால் இவ்வளவு நாள் எனக்குப் பிடிபடவில்லை. அவன் குனிந்ததே அது காதில் விழுந்ததால்தான்.

அடைப்புக்குறியை எடுத்துவிட்டு அந்தப் பெயரை வசனமாக எழுதிக் கோப்பை அனுப்பிவிட்டேன்.